உங்களுக்கு எரியாதுங்களா?

பிள்ளை பெற்றவளுக்கும் ஒன்றுக்குப் போவது வலிக்காத காரியம் என்பது என் அம்மாவுக்கு முப்பத்திரண்டாவது வயதில்தான் தெரியவந்தது. தெரியவைத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறந்தது அம்மாவைக் காப்பாற்றுவதற்காக அல்ல, ஒரு நர்ஸோடு வாதாடி ஜெயிப்பதற்காக. ஜெயித்தது யார் என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் வீடு இருந்தது. லைன் வீடு. ஒரே தகரக் கூரையின் கீழ் பத்துக் குடும்பங்கள், பொதுவில் ஒரு தண்ணீர்க் குழாய், பின்னால் இரண்டு குளியலறைகள். அப்பா ஃபாக்டரியில் இலை வாடவைக்கும் பகுதியில் வேலை பார்த்தார். அம்மா இலை பறித்தாள். காலை ஏழரைக்குத் தேயிலைக் காட்டில் ஏறினால் சாயங்காலம் கடைசி நிறுவை முடிந்து வீடு திரும்ப ஐந்து மணி ஆகிவிடும்.

அந்த ஒன்பதரை மணி நேரத்தில் பெண்கள் ஒதுங்குவதற்கு ஓர் இடம் கிடையாது. இடுப்பளவு செடிகள் நிற்கும் செங்குத்தான சரிவு. மழைக்காலமென்றால் அட்டை. மேலே பாதையில் குடையை ஊன்றிக்கொண்டு சூப்பர்வைசர். இதற்கு எங்கள் லைன் பெண்கள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி மிகவும் எளிமையானது. தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது. காலையில் ஒரு டம்ளர் பால் சேர்க்காத வரட்டீ, மத்தியானம் சோறு தொண்டையில் இறங்குவதற்கு இரண்டு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான். புதிதாகக் கல்யாணமாகி வேலைக்கு வரும் பெண்ணுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவதை அல்ல, இதைத்தான். அம்மா இதில் பெயரெடுத்தவள். அக்கம்பக்கத்தில் யாராவது நடுவில் அவஸ்தைப்பட்டால், "அவளப் பாரு, காலைல வந்தவ, ஊட்டுக்குப் போய்தான் போவா" என்று அம்மாவைக் காட்டுவார்கள். அம்மா முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வரும்.

வீட்டுக்கு வந்ததும் கூடையை இறக்கிவிட்டு நேரே பின்பக்கம் போவாள். எங்கள் பக்கத்துக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் நான் வெளியே காவல். உள்ளேயிருந்து பற்களுக்கு நடுவே காற்றை இழுக்கும் ஒரு சத்தம் வரும், சூடான வடைச்சட்டியைத் தெரியாமல் தொட்டுவிட்டவர்கள் இழுப்பார்களே, அந்த மாதிரி. கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி வரும். பிறகு தண்ணீர் ஊற்றும் ஓசை. முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல வெளியே வந்து, "அடுப்பு பத்த வெச்சியா?" என்பாள். ஐந்து வயதில் ஒரு தடவை கேட்டேன், ஏனம்மா அப்படிச் சத்தம் போடுகிறாய் என்று. "புள்ள பெத்தவங்களுக்கு எரியத்தான் செய்யும் கண்ணு. உன்னயப் பெத்ததிலிருந்து அப்படித்தான்" என்றாள். சோறு வெந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

அம்மா பொய் சொல்லவில்லை. அவளுக்கு ஆரம்பித்தபோது பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டிருக்கிறாள். அந்த அக்கா, எனக்கும்தான் என்றிருக்கிறாள். அவள் கேட்டவளுக்கும் அதே. பத்து வீட்டிலும் இருக்கிற ஒன்றை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. அதற்குச் 'சூடு' என்று பேர் வைத்திருந்தார்கள். மார்கழியில் வாயைத் திறந்தால் புகை வரும், காலையில் கூரைத் தகரத்தின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், அந்த ஊரில் பெண்களுக்கு மட்டும் உடம்பெல்லாம் சூடு. ஊறவைத்த வெந்தயம், நீர் மோர், தொப்புளில் நல்லெண்ணெய். எஸ்டேட் டிஸ்பென்சரி இருந்தது. ஆனால் கம்பவுண்டர் ஆண்பிள்ளை, போதாததற்கு சூப்பர்வைசரோடு சீட்டாடுகிறவர். அவரிடம் போய் இதைச் சொல்வதைவிட எரிந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தார்கள். மாதத்தில் ஒருதரம் அம்மாவுக்கு நடுக்கிக்கொண்டு காய்ச்சல் வரும், முதுகின் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும். காய்ச்சல் மழையால், முதுகுவலி கூடையால் என்று அதற்கும் காரணம் கைவசம் இருந்தது.

நான் இதிலிருந்து எனக்கு வேண்டிய முடிவை எடுத்திருந்தேன். பிள்ளை பெற்றால் எரியும். ஆகவே பெறுவதில்லை. மூன்றாம் வகுப்பிலேயே அம்மாவிடம் இதை அறிவித்தபோது அவள் இலைப் பையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் லைனிலேயே கடைசி வீட்டில் இருந்தார். கல்யாணமாகவில்லை. பறித்த இலையை ஃபாக்டரிக்குக் கொண்டுபோகும் டெம்போவை ஓட்டினார். வலி என்றால் என்னவென்று தெரியாத மனிதர் என்று பேர், அந்தப் பேரை வைத்தவரும் அவரே. ஒருமுறை டெம்போவின் பின்கதவு விரலில் விழுந்து நகம் பெயர்ந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் வரை வண்டி ஓட்டினார். அப்புறம் ஒரு வாரம் அந்த விரலைத் தூக்கிக்கொண்டு லைன் முழுக்க நடந்தார். "வலியெல்லாம் மனசுல இருக்குது பாப்பா" என்று என்னிடம் சொல்வார். எனக்கு அது வேதவாக்கு.

அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் வாசற்படியில் வந்து ரெண்டாக மடிந்து உட்கார்ந்தார். அந்தக் குளிரில் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. அம்மா கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னடா தம்பி என்று கேட்க, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "நேத்து மத்தியானத்திலிருந்து ஒண்ணுக்குப் போகலக்கா. வருது, வர மாட்டேங்குது" என்றார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் எங்கள் லைன் முழுக்க மாமாவுக்கு வைத்தியம் பார்த்தது. நீர் பிரியவில்லையென்றால் நீர் குடிக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தான் மட்டும் குடிக்காத அம்மா தம்பிக்கு ஒரு சொம்பு பார்லித் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து மோர் வந்தது. எதிர் வீட்டிலிருந்து வெந்தயத் தண்ணீர் வந்தது. எல்லாம் உள்ளே போயிற்று, ஒன்றும் வெளியே வரவில்லை. ஒரு அக்கா குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொன்னாள். இன்னொருத்தி, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல 'உஸ்ஸ்' என்று ஓசை கொடுத்தாள். குழந்தைகள் நாங்களும் சேர்ந்துகொண்டோம். முப்பது வயது ஆளைச் சுற்றி நின்றுகொண்டு பதினைந்து பேர் 'உஸ்ஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாமா அழுதார். சத்தமில்லாமல், வாயை இறுக்கி மூடிக்கொண்டு. அதைப் பார்த்தபோதுதான் நான் 'உஸ்ஸ்' சொல்வதை நிறுத்தினேன். அடிவயிறு சட்டைக்கு மேலேயே புடைத்துத் தெரிந்தது.

ஃபாக்டரியிலிருந்து இன்னொரு டிரைவர் வந்து அதே டெம்போவில் மாமாவை ஏற்றினார். அப்பாவுக்கு ஷிஃப்ட். வீட்டில் என்னைத் தனியே விட முடியாது என்று அம்மா என்னையும் தூக்கிப் போட்டுக்கொண்டாள். காலிச் சாக்குகளின் மேல் மாமா ஒருக்களித்துப் படுத்திருந்தார். கோத்தகிரி போய்ச் சேர்வதற்குள் எத்தனை வளைவு என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. ஒவ்வொரு வளைவிலும் அவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கினார். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை ஒருமுறைதான் தொட்டார். கல் இறங்கி வழியில் அடைத்துக்கொண்டிருக்கிறது, உடனே டியூப் போடவேண்டும் என்றார். டியூப் போடுவது என்றால் கையில் ஊசி குத்தி பாட்டில் மாட்டுவார்களே, அதுதான் என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். பச்சைத் திரையை இழுத்து மூடினார்கள். நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம்.

முதலில் டாக்டரின் குரல் கேட்டது, உடம்பைத் தளர்த்திக்கொள்ளுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள் என்று. பிறகு மாமா கத்தினார். அது கத்தல் என்று சொன்னால் குறைவு. எஸ்டேட்டில் ஒரு தடவை காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்கில் நாய் மாட்டிக்கொண்டு கத்தியதைக் கேட்டிருக்கிறேன். அதைவிட மோசமாக இருந்தது. "அக்கா, வேண்டாம்னு சொல்லுக்கா" என்று அவர் அலறியது வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா என் இரண்டு காதுகளையும் பொத்தினாள். பொத்தி என்ன பயன், விரல் இடுக்கு வழியாக எல்லாம் உள்ளே வந்தது.

அப்புறம் சட்டென்று அமைதி. தண்ணீர் ஓடும் ஓசை. மாமாவின் குரல், அவருடையது என்றே அடையாளம் தெரியாத ஒரு குரல், "நல்லா இருப்பீங்க சார், நல்லா இருப்பீங்க" என்று டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. திரையை விலக்கியபோது அவர் கண்ணை மூடிக் கிடந்தார். போர்வைக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையில் இறங்கியது. பை வரட்டீ நிறத்தில் நிறைந்துகொண்டிருந்தது. குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அப்படியொன்றை மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாதது என்னை இன்னும் பயமுறுத்தியது.

அம்மா குழாயைக் கவனிக்க ஆளில்லாமல் ஆகிவிடக்கூடாது என்று கட்டிலை ஒட்டியே உட்கார்ந்துவிட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். என் கணக்கு முழுவதும் உடைந்துபோயிருந்தது. மாமா பிள்ளை பெற்றவர் இல்லை. அப்படியானால் இந்த வலிக்கும் பிள்ளை பெறுவதற்கும் சம்பந்தமில்லை, பெரியவர்களானால் எல்லோருக்கும் வரும், ஆளைப் பார்த்துக் கூடும் குறையும். எனக்கு எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். அடுத்த தடவையே ஆரம்பிக்கலாம். ஆகவே அடுத்த தடவை என்பதே இல்லாமல் செய்துவிட்டால்? இதற்கு எனக்குப் பயிற்சி தேவையில்லை. எங்கள் குடும்பத்தில் இதில் பெயரெடுத்தவர் இருந்தார்.

காலையில் குடித்த டீயும், ஆஸ்பத்திரி வாசலில் அந்த டிரைவர் வாங்கிக்கொடுத்த டீயும் சேர்ந்து மூன்று மணிக்கெல்லாம் என்னைப் படாதபாடு படுத்த ஆரம்பித்தன. கோத்தகிரிக் குளிர் வேறு. காலைப் பின்னிக்கொண்டு, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தேன். அந்த வார்டு சிஸ்டர் கூடலூர்ப் பக்கத்தவர். நடுத்தர வயது, தமிழில் மலையாளம் கலந்து பேசுவார். மாமாவின் பையைப் பார்க்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"எந்தா மோளே, பாத்ரூம் போகணுமா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து எழுப்பினார். நான் வர மறுத்து பெஞ்சைக் கட்டிக்கொண்டேன். வலிக்கும் என்று சொன்னேன். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து என்று கேட்டார். இன்னும் வலிக்கவில்லை, ஆனால் இனி வலிக்கும், மாமாவுக்கு வலித்ததே என்றேன்.

சிஸ்டர் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எனக்கு வருடம் முழுக்க மூக்கு ஒழுகும். அப்போதும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "இப்ப மூக்குல தண்ணி வருதே, வலிக்குதா?" என்றார்.

"இல்ல."

"அதே மூக்குல நான் ஒரு குச்சி விட்டா?"

நான் மூக்கைக் கையால் மூடிக்கொண்டேன்.

"அவ்வளவே உள்ளூ" என்றார். பிறகு நான் ஒன்பது வயதுக்காரி என்பதையே மறந்துவிட்டவர் போல முழுதும் விளக்கினார். ஒன்றுக்கு வருவது உள்ளேயிருந்து வெளியே வருகிறது, உடம்பின் இளஞ்சூட்டிலேயே வருகிறது. அது வரும்போது வழியை இறுக்கிப் பிடித்திருக்கிற சதை தானாகத் தளர்ந்து விடுகிறது. உள்ளே உள்ள தோல் அதற்குப் பழகினது. அதனால் வருவதே தெரியாது. டியூப் அப்படியில்லை. ஒருபோதும் எதுவும் வராத பக்கத்திலிருந்து உள்ளே போகிறது. மாமா பயந்துபோய் சதையை இறுக்கிக்கொண்டார், பாதி வழியில் கல் வேறு. அந்த இடத்துத் தோல் வாய்க்குள் இருக்கிற தோல் மாதிரி மெல்லிசு, தொட்டால் பொறுக்காது. "டியூப்தான் மோளே வலிக்கும். வெறுதே, சும்மா ஒண்ணுக்குப் போறது ஆருக்கும் வலிக்காது. பேடிக்கண்டா, பயப்படாதே."

எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கடைசியில் சொன்னது தப்பு. அது தப்பு என்பதற்கு என்னிடம் தினசரி ஆதாரம் இருந்தது. வகுப்பில் டீச்சர் கணக்கைத் தப்பாகப் போட்டால் எழுந்து சொல்கிற பிள்ளை நான்.

"எங்கம்மாவுக்கு வலிக்குமே" என்றேன். "தெனமும் எரியும். பக்கத்தூட்டு அக்காவுக்கும் எரியும். எங்க லைன்ல எல்லா அம்மாவுக்கும் எரியும்."

வார்டில் நாலு பேருக்குக் கேட்கிற குரலில் சொன்னேன். அம்மா கட்டிலருகிலிருந்து திரும்பினாள். கண்ணாலேயே என்னை அறைந்தாள். சிஸ்டர் எழுந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சிரிப்பு மாதிரி ஒன்றை வரவழைத்துக்கொண்டாள்.

"அவ கெடக்கறா, விடுங்க சிஸ்டர். புள்ள பெத்தவங்களுக்கு உள்ளதுதானுங்களே."

சிஸ்டர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகத்தான் சொன்னார். "எனிக்கு ரெண்டு பிள்ளைங்க உண்டு. எனக்கு எரியாது."

அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேல் உதட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. 

"உங்களுக்கு எரியாதுங்களா?"

"இல்ல."

"ஒரு நாளைக்குக் கூடவா?"

"ஆருக்கும் எரியக் கூடாது. எரிஞ்சா உள்ள புண்ணு உண்டு, கிருமி உண்டுன்னு அர்த்தம். எத்தன நாளா?"

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல. என் உயரத்தை அளப்பவள் போல உச்சியிலிருந்து கால் வரை பார்த்தாள். "இவளப் பெத்ததிலிருந்துங்க. ஒம்போது வருசமாச்சுங்க."

சிஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காலையில் மாமா அலறியபோது திரைக்குள் தட்டை ஏந்திக்கொண்டு நின்றுவிட்டு, முகம் மாறாமல் வெளியே வந்தவர் அவர். இப்போது வாயில் கையை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தபடி இருந்தார். "ஒம்போது வருஷமா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அடக்க முடியாமல் நானே எழுந்து பாத்ரூமுக்கு ஓடினேன். வலிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சிஸ்டர் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். பெண் டாக்டர் ஒருவர் முதுகில் ஒரு இடத்தைத் தட்டியபோது அம்மா துள்ளி விலகினாள். அந்தக் காய்ச்சலும் முதுகுவலியும் மழையாலும் கூடையாலும் வந்தவை அல்ல, கிருமி கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உங்களைக் கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருந்திருக்கும் என்று அந்த டாக்டர் சத்தம் போட்டார். தண்ணீர் குடிப்பீர்களா என்று கேட்டார். அம்மா குடிப்பதில்லை என்றதற்கும் ஒரு சத்தம். காட்டில் எங்கே போவது என்று அம்மா கேட்கவில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். மாத்திரைகளை வேளை தவறாமல் முழுக்கச் சாப்பிட வேண்டும், பத்து நாள் கழித்து வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சாயங்காலம் அப்பா வந்து மாமாவிடம் உட்கார்ந்தார். நானும் அம்மாவும் பஸ்ஸில் திரும்பினோம். நாலு பேருக்கு முன்னால் மானத்தை வாங்கியதற்கு வீட்டுக்குப் போனதும் அடி நிச்சயம் என்று நான் ஜன்னலை ஒட்டி ஒடுங்கியிருந்தேன். பாதி வழியில் அம்மா என் காதருகே குனிந்து கேட்டாள்.

"உனக்கு எரியவே எரியாதா கண்ணு?"

"எரியாது."

"எனக்கு மறந்தே போச்சு. போறப்ப எப்படி இருக்கும்?"

நான் யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் இருக்காதும்மா."

"ஒண்ணும் இருக்காதுன்னா?"

"ஒண்ணும்தான். போகும். முடிஞ்சிரும்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். எங்கள் நிறுத்தம் வரை முன் சீட்டின் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அடி விழவில்லை. அது எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மாமாவுக்குக் கல்லை எடுத்து நாலாம் நாள் டியூபை உருவினார்கள். உருவும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாராம். முதல் தடவை போனபோது நெருப்பாக எரிந்ததாம், இரண்டாம் தடவை பாதி, மறுநாள் சாயங்காலம் ஒன்றுமேயில்லையாம். இதை அவர் வந்து சொன்ன அழகைக் கேட்டிருக்க வேண்டும். நகம் பெயர்ந்த கதையெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. ஃபாக்டரி வாசலில், டீக்கடையில், குழாயடியில், "சும்மா ஒண்ணுக்குப் போறது எத்தன பெரிய வரம் தெரியுங்களா" என்று ஆரம்பித்துவிடுவார். ஆண்கள் உச்சுக்கொட்டிக் கேட்டார்கள். பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நின்று கேட்டார்கள். நாலு நாள் வலிக்கு இத்தனை சபை. அந்தக் கூட்டத்தில் குடத்தோடு நின்ற எத்தனை பேர் அன்று காலையிலும் பல்லைக் கடித்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. மாமா மேல் இல்லை. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அம்மா அந்தச் சபைகளில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த திங்கட்கிழமையிலிருந்தே காட்டுக்கு ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனாள். கூட வருகிறவர்கள் சிரித்தார்கள். பத்தரை மணிக்கு அம்மா பக்கத்தில் பறிப்பவளைக் கூப்பிட்டு, இடுப்பில் ஈரம் படாமல் கட்டியிருக்கும் படங்கை அவிழ்த்து விரித்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அதன் மறைவில் செடிக்கு நடுவே உட்கார்ந்தாளாம். மேலேயிருந்து சூப்பர்வைசர் என்ன அங்கே என்று கேட்டதற்கு, "ஒண்ணுக்குங்க" என்று எழுந்து நின்று பதில் சொன்னாளாம். அவர்தான் குடையைத் திருப்பிக்கொண்டாராம். பக்கத்து வீட்டு அக்கா இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அன்று சாயங்காலம் அதே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து, நெடுநேரம் வேறெதையோ பேசிவிட்டு, எழுந்து போகும்போது, அந்த சிஸ்டர் எந்த நேரத்தில் இருப்பார் என்று கேட்டாள். அடுத்த மாதத்துக்குள் எங்கள் லைனில் ஆறு பேர் லீவு போட்டுவிட்டுக் கோத்தகிரி போய் வந்தார்கள். ஒருத்தி தங்கச்சிக்கு வளைகாப்பு என்றாள், ஒருத்தி பல்வலி என்றாள்.

ஆனால் அவர்கள் போய்வந்ததெல்லாம் பின்னால். மாத்திரை ஆரம்பித்து ஏழெட்டு நாள் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா பின்பக்கம் போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அதற்கு முந்தைய நாட்களிலும் அந்தச் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது, கொஞ்சம் சிறியதாக. அன்று வரவில்லை. தண்ணீர் ஊற்றும் ஓசையும் வரவில்லை. மயங்கி விழுந்துவிட்டாளோ என்று பயந்தேன். அம்மா என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். சுவரில் ஒரு கையை ஊன்றியிருந்தாள்.

"எரிஞ்சுதாம்மா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்புறம் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அப்படியும் அடங்காமல் அழுகை பீறிட்டு வந்தது. தன்னைப் பெற்ற அப்பிச்சி செத்த அன்றைக்குக்கூட அம்மா அப்படி அழவில்லை. உடம்பு முழுக்கக் குலுங்கியது. நான் தோளைத் தொட்டேன், கையைப் பிடித்து இழுத்தேன், அவள் என்னைக் கவனிக்கவே இல்லை.

ஒன்பது வயதில் அழுகைக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். எரியவில்லை என்று என்னிடம் பொய் சொல்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஒன்பது வருடம் எரிந்தும் அழாதவள் இன்று அழுகிறாள் என்றால் வலி எந்த அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். நான் லைனின் கடைசி வீட்டுக்கு ஓடி, தூங்கிக்கொண்டிருந்த மாமாவின் போர்வையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, எந்திரிங்க. அந்த மாத்திர சரியில்ல. அம்மாவுக்கு ரொம்ப வலிக்குது."